ஓப்பன்எல்டாப்: ஒரு பெயரடைவு மென்பொருளும் அதன் பராமரிப்பு வரலாறும்

ஓப்பன்எல்டாப் என்பது ஒரு வலையமைப்பில் உள்ள பயனர்கள், குழுக்கள், கணினிகள், அச்சுப்பொறிகள் ஆகியவற்றின் விவரங்களை ஓரிடத்தில் வைத்துக் காக்கும் திறந்த மூலப் பெயரடைவு மென்பொருள் ஆகும். 1998-ஆம் ஆண்டு இத்திட்டம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகங்கள், அரசு அலுவலகங்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எனப் பல இடங்களில் இது திரைக்குப் பின்னால் இயங்குகிறது. காலையில் கணினியைத் திறந்து பெயரையும் கடவுச்சொல்லையும் இடும் மாணவருக்கு இப்படியொரு மென்பொருள் இருப்பது தெரியாது. அது நின்றுபோகும் நாளில்தான் தெரியவரும். அந்த நாள் வராமல் காப்பவை பராமரிப்பு வெளியீடுகள் எனப்படும் சிறு சிறு இற்றைப்படுத்தல்கள். இக்கட்டுரை அம்மென்பொருளின் வரலாற்றையும், அதன் பராமரிப்புப் பணியின் தன்மையையும், தமிழ்ப் பெயர்களை அதில் சேமிக்கும்போது எழும் சிக்கல்களையும் கன்னியாகுமரி மாவட்டச் சூழலில் வைத்து விளக்குகிறது.

பெயரடைவு என்றால் என்ன?

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. மாணவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவை அதில் ஒருமுறை எழுதப்படுகின்றன. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகிய அனைத்தும் அந்த ஒரே பதிவேட்டை ஆதாரமாகக் கொள்கின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் பிழை இருந்தால் எல்லாவற்றிலும் பிழை வரும். அது தொலைந்தால் மற்றவை ஆதாரமற்றுப் போகும்.

கணினி வலையமைப்பில் பெயரடைவு செய்யும் வேலையும் இதுவே. ஐம்பது கணினிகள் உள்ள ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே கணக்குத் திறப்பது நடக்கிற காரியமல்ல. எனவே பெயர்களும் கடவுச்சொற்களும் ஒரு வழங்கியில் வைக்கப்படுகின்றன. மற்றக் கணினிகள் அந்த வழங்கியைக் கேட்டு உறுதி செய்துகொள்கின்றன. மின்னஞ்சல், நூலகம், கம்பியில்லா இணைப்பு ஆகியவையும் அதே வழங்கியைக் கேட்கலாம்.

பெயரடைவு சாதாரணத் தரவுத்தளத்திலிருந்து இரு வகையில் வேறுபடுகிறது. முதலாவது, அதில் எழுதுவது குறைவு, படிப்பது மிக அதிகம். ஒரு மாணவரின் பெயர் ஒருமுறை எழுதப்படுகிறது. படிப்பு முடியும்வரை ஆயிரக்கணக்கான முறை வாசிக்கப்படுகிறது. இரண்டாவது, அதன் அமைப்பு கிளைவிட்ட மரம் போன்றது. அஞ்சல் முகவரியில் வீட்டுப் பெயர், ஊர், வட்டம், மாவட்டம் எனச் சிறியதிலிருந்து பெரியதை நோக்கி எழுதுவதைப் போல, அடைவிலும் ஒருவரின் முழு அடையாளம் நபர், துறை, நிறுவனம் என்ற வரிசையில் எழுதப்படுகிறது.

தோற்றம்

பெயரடைவுக்கான முதல் பெரிய பன்னாட்டுத் தரம் எக்ஸ்.500 என்பதாகும். தொலைபேசி, தந்தித் துறைகளின் பன்னாட்டு ஆலோசனைக் குழுவும் பன்னாட்டுத் தர நிறுவனமும் சேர்ந்து 1988-இல் இதை வெளியிட்டன. உலகம் முழுவதற்கும் ஒரே தொலைபேசி அடைவு போன்ற ஒன்றை உருவாக்குவது அதன் நோக்கம். ஆனால் அதன் நெறிமுறை மிகக் கனமானது. அன்றைய மேசைக் கணினிகளால் அதைத் தாங்க இயலவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிம் ஹவ்ஸ் என்பவரும் அவருடைய உடன்பணியாளர்களும் இதற்கு எளிய மாற்றுவழி தேடினர். அதன் விளைவாக எல்டாப் என்ற இலகு அடைவு அணுகல் நெறிமுறை பிறந்தது. வெங்யிக் இயோங், டிம் ஹவ்ஸ், ஸ்டீவ் கில் ஆகிய மூவர் எழுதிய முதல் ஆவணம் 1993 ஜூலையில் ஆர்எஃப்சி 1487 என்ற எண்ணுடன் வெளிவந்தது. தொடக்கத்தில் எல்டாப் என்பது கனமான எக்ஸ்.500 வழங்கியை அடைவதற்கான ஒரு வாசல் மட்டுமே. 1995 வாக்கில் மிச்சிகன் குழுவினர் பின்னால் எக்ஸ்.500 இல்லாமலே தனித்து இயங்கும் ஸ்லாப்டி என்ற வழங்கியை எழுதினர். வாசலே வீடாகிவிட்டது எனலாம்.

டிம் ஹவ்ஸ் பின்னர் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே உருவான அடைவு வழங்கி பல கைகள் மாறி ரெட் ஹேட் நிறுவனத்தை அடைந்து, 2005-இல் திறந்த மூலமாக்கப்பட்டது. இன்று அது 389 அடைவு வழங்கி எனப்படுகிறது. எல்டாப் நெறிமுறைக்கு ஒதுக்கப்பட்ட வாயில் எண் 389 என்பதே இப்பெயருக்குக் காரணம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டிருந்த மூலநிரலோ பராமரிப்பாரின்றி நின்றது. அதை எடுத்துக்கொண்டு 1998-இல் கர்ட் சைலெங்கா தொடங்கியதே ஓப்பன்எல்டாப் திட்டம். ஆக இவ்விரு மென்பொருள்களும் ஒரே வேரில் கிளைத்தவை.

1997 டிசம்பரில் எல்டாப் நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. 2000-இல் வெளியான ஓப்பன்எல்டாப் 2.0 அதை ஏற்றுக்கொண்டது. தமிழைப் பொறுத்தவரை இது முக்கியமான மாற்றம். உலக மொழிகள் அனைத்தையும் குறிக்கவல்ல யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை மூன்றாம் பதிப்பு அடிப்படையாகக் கொண்டது. இதனால் தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே அடைவில் சேர்க்க வழி பிறந்தது.

உள்ளே இருக்கும் கிடங்கு

அடைவு வழங்கி தன் பதிவுகளை வட்டில் எழுதிவைக்க ஒரு கிடங்கு வேண்டும். 2002-இல் வெளியான 2.1 பதிப்பு முதல் ஓப்பன்எல்டாப் இதற்குப் பெர்க்லி டிபி என்ற தரவுத்தள நூலகத்தை முதன்மையாகப் பயன்படுத்தியது. அது திறன் மிக்கது. ஆனால் அதை ஒழுங்காக இயக்குவது எளிதன்று. தற்காலிக நினைவகத்தின் அளவைத் தனிக் கோப்பு ஒன்றில் குறிக்க வேண்டும். அளவு தவறினால் வேகம் படுத்துவிடும். மின்சாரம் திடீரென நின்றால் கிடங்கு சீர்குலைந்து, மீட்புக் கருவியை இயக்க வேண்டிய நிலையும் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன; பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. புயல் இல்லாத ஆண்டுகளிலும் ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் மின்தடை வழக்கமானதே. மின்சாரம் நின்று திரும்பும்போது பதிவுகள் குலையாமல் எழுந்து நிற்கும் கிடங்கு இத்தகைய இடங்களுக்கு அடிப்படைத் தேவை.

ஓப்பன்எல்டாப்பின் தலைமை வடிவமைப்பாளரான ஹோவர்டு சூ இதற்குத் தீர்வாக 2011-இல் எல்எம்டிபி என்ற புதிய கிடங்கை எழுதினார். அளவில் மிகச் சிறிய நிரல் அது. ஏற்கெனவே உள்ள பக்கத்தின் மேல் அது எழுதுவதில்லை; மாற்றத்தைப் புதிய பக்கத்தில் எழுதி முடித்த பிறகே, இனி இதுதான் செல்லும் என்று குறிக்கிறது. எனவே எழுதும் நடுவில் மின்சாரம் போனாலும் பழைய பக்கம் அப்படியே இருக்கும். வழக்கமான அமைப்பில் இயங்கும்வரை தனி மீட்புக் கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. ஒருவர் எழுதும்போதும் மற்றவர்கள் தடையின்றிப் படிக்கலாம். பிற்காலத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் வழங்கி, சாம்பா முதலிய மென்பொருள்களும் எல்எம்டிபியைப் பயன்படுத்த வழி செய்துகொண்டன.

இம்மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் வந்து சேர்ந்தது. பெர்க்லி டிபியை உருவாக்கிய ஸ்லீப்பிகேட் நிறுவனத்தை ஆரக்கிள் 2006-இல் வாங்கியது. 2013-இல் வந்த 6.0 பதிப்புடன் அதன் உரிமம் முன்பிருந்ததைவிடக் கடுமையானதாக மாற்றப்பட்டது. திறந்த மூலத் திட்டங்கள் பல புதிய பதிப்புக்குச் செல்லத் தயங்கிப் பழையதிலேயே நின்றன. பிறர் கையில் உள்ள ஒரு பகுதியை நம்பியிருக்கும் மென்பொருளுக்கு வரும் இடர் இதுவே. எல்எம்டிபி தன் சொந்தக் கிடங்கு என்பதால் ஓப்பன்எல்டாப் அவ்விடரிலிருந்து தப்பியது.

பராமரிப்பு வெளியீடு என்பது என்ன?

ஓப்பன்எல்டாப் பதிப்பு எண் மூன்று பகுதிகளை உடையது. 2.4.50 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் முதல் இரு பகுதிகள் வரிசையைக் குறிக்கும். கடைசிப் பகுதி அவ்வரிசையில் எத்தனையாவது பராமரிப்பு வெளியீடு என்பதைக் காட்டும். வரிசை மாறும்போது புதிய வசதிகள் வரும், சில பழையவை போகும். கடைசி எண் மட்டும் மாறும்போது பெரும்பாலும் பிழைகள் திருத்தப்படும். வசதிகள் அப்படியே இருக்கும்.

2.4 வரிசை 2007-இல் தொடங்கி 2021 ஜூனில் வெளியான 2.4.59 வரை நீண்டது. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஒரே வரிசை தொடர்ந்து திருத்தப்பட்டு வந்துள்ளது. ஒவ்வொரு வெளியீட்டுடனும் மாற்றப் பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொரு வரியிலும் திருத்தப்பட்ட பிழையும், அது முறையிடப்பட்டபோது பெற்ற எண்ணும் இருக்கும். வெளியாள் ஒருவருக்கு அப்பட்டியல் வறண்டதாகத் தோன்றும். அடைவை நிர்வகிப்பவர் அதை வரிவரியாகப் படிக்க வேண்டியவர். இரண்டு எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

முதலாவது, 2020 ஏப்ரலில் வெளிப்பட்ட ஒரு குறை. அடைவில் தேடும்போது இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும், இது கூடாது என்று நிபந்தனைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். அளவு மீறி அடுக்கப்பட்ட தேடலை அனுப்பினால் வழங்கி நிலைகுலைந்து நின்றுவிடும் என்று கண்டறியப்பட்டது. எவரும் எதையும் திருடவில்லை, ஆனால் அடைவு நின்றால் அதை நம்பிய அனைத்தும் நிற்கும். 2.4.50 வெளியீடு இதைத் திருத்தியது.

இரண்டாவது, 2022 மே மாதத்தில் திருத்தப்பட்டது. அடைவின் பதிவுகளை வேறொரு தொடர்புத் தரவுத்தளத்தில் வைக்கப் பயன்படும் சோதனைநிலைப் பகுதி ஒன்று உண்டு. தேடல் வழியாகவே அத்தரவுத்தளத்துக்குக் கட்டளைகளை நுழைக்க முடியும் என்று தெரியவந்தது. 2.5.12, 2.6.2 ஆகிய வெளியீடுகளில் இது அடைக்கப்பட்டது. அப்பகுதியைப் பயன்படுத்தாதவர்களுக்கு இக்குறையால் இடரில்லை. தமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறிவதும் பராமரிப்பின் ஒரு கூறு.

2021 டிசம்பரில் உலகெங்கும் பேசப்பட்ட லாக்ஃபோர்ஷெல் என்ற ஓட்டையிலும் எல்டாப் என்ற பெயர் அடிபட்டது. அது எல்டாப் வழங்கியின் குறையன்று. ஜாவா நிரல்களில் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் லாக்ஃபோர்ஜே என்ற நூலகம், தாக்குபவர் காட்டும் எல்டாப் முகவரிக்குச் சென்று அங்கிருந்து வருவதை நம்பியதே குறை. ஆயினும் அடைவு மேலாண்மைக் கருவிகளில் ஜாவாவில் எழுதப்பட்டவை உண்டு. அவற்றை நிர்வகித்தவர்கள் அந்த வாரம் தத்தம் கருவிகளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நேர்ந்தது.

2021-இன் பெரிய மாற்றம்

2021 ஏப்ரலில் 2.5 வரிசையும் அதே ஆண்டு அக்டோபரில் 2.6 வரிசையும் வெளிவந்தன. 2.5 நீண்டகால ஆதரவுடைய வரிசையாக அறிவிக்கப்பட்டது. பெர்க்லி டிபியைச் சார்ந்த பழைய கிடங்குகள் இவ்வரிசையில் முற்றிலும் நீக்கப்பட்டன. எல்எம்டிபி முதன்மைக் கிடங்காக நின்றது.

இங்கேதான் உண்மையான இடர் இருந்தது. பழைய கிடங்கில் பதிவுகளை வைத்திருந்த ஒருவர், முதலில் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு பதிவுகளைத் திறக்க முயன்றால் புதிய மென்பொருளுக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. பதிவுகள் அழியவில்லை, ஆனால் திறவுகோல் கைவிட்டுப் போயிருக்கும். எனவே வரிசை முக்கியம். அவ்வரிசை பின்வருமாறு:

1. பழைய மென்பொருள் இயங்கும் நிலையிலேயே ஸ்லாப்கேட் என்ற கருவியால் பதிவுகள் அனைத்தையும் எல்டிஃப் எனப்படும் உரைக்கோப்பாக எடுக்க வேண்டும். வழங்கியின் அமைப்பு விவரங்கள் தனியே இருப்பதால் அவற்றையும் தனியே எடுக்க வேண்டும்.

2. அக்கோப்பை வேறொரு கணினியில் வைத்து, அதில் பதிவுகளின் எண்ணிக்கை சரியாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொற்களின் மறைவடிவமும் அதில் இருக்கும் என்பதால் பிறர் கையில் படாமல் காக்க வேண்டும்.

3. புதிய மென்பொருளை நிறுவி, அமைப்பு விவரத்தில் பழைய கிடங்கின் பெயர் வரும் இடங்களை மாற்ற வேண்டும்.

4. ஸ்லாப்ஆட் என்ற கருவியால் உரைக்கோப்பைப் புதிய கிடங்கில் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் கோப்புகளின் உரிமை அடைவு வழங்கிக்குரிய பயனரிடம் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். இதை மறந்தால் எல்லாம் சரியாக இருந்தும் வழங்கி எழாது.

5. சில கணினிகளிலிருந்து உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதைக் கைவிட வேண்டும்.

டெபியன் இயங்குதளத்தில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்புடன் 2.5 வரிசை வந்தது. உபுண்டுவில் 2022 ஏப்ரல் பதிப்பிலேயே வந்துவிட்டது. இயங்குதளத்தைப் புதுப்பித்தால் அடைவும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும் என்பதால், பழைய கிடங்கை வைத்திருந்தோர் முன்னதாகவே மேற்கண்ட பணியைச் செய்ய வேண்டியிருந்தது. ரெட் ஹேட் நிறுவனமோ 2019-இல் வெளியிட்ட தன் 8-ஆம் பதிப்பில் ஓப்பன்எல்டாப் வழங்கியையே சேர்க்கவில்லை. தன் 389 அடைவு வழங்கியின் பக்கம் பயனர்களை நகர்த்தியது.

இத்தகைய மாற்றம் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நிலமும் மக்களும் இருந்த இடத்திலேயே இருந்தனர். நிர்வாகம் மட்டும் மாறியது. மலையாளத்திலும் கொல்லம் ஆண்டுக் கணக்கிலும் எழுதப்பட்ட பழைய ஆவணங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தவரை அவற்றுக்கு உயிர் இருந்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலை ஆவணங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் படித்ததால்தான் நாஞ்சில் நாட்டு வரலாற்றின் பல பக்கங்கள் கிடைத்தன. ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் படியெடுப்பது பழைய வழக்கம். பழைய கிடங்கு படிக்க முடியாமல் போகும் முன் உரைக்கோப்பாக எடுப்பதும் அதே அறிவின் தொடர்ச்சியே.

மேலாண்மைக் கருவிகள்

ஓப்பன்எல்டாப்பை நேரடியாக இயக்கக் கட்டளைகளை அறிந்திருக்க வேண்டும். எல்லா நிறுவனங்களிலும் அப்படிப்பட்டவர் இருப்பதில்லை. எனவே உலாவியிலோ சாளரத்திலோ படிவம் நிரப்புவது போல அடைவைக் கையாளத் தனிக் கருவிகள் தோன்றின. பிஎச்பிஎல்டாப்அட்மின், எல்டாப் அக்கவுண்ட் மேனேஜர், கோசா, அதிலிருந்து 2011-இல் பிரிந்த ஃப்யூஷன்டைரக்டரி, அப்பாச்சி டைரக்டரி ஸ்டுடியோ ஆகியவை திறந்த மூலக் கருவிகளில் குறிப்பிடத்தக்கவை.

இக்கருவிகளுக்கும் பராமரிப்பு வேண்டும். பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட கருவி, அம்மொழியின் புதிய பதிப்பு வந்ததும் சில பழைய கட்டளைகள் நீக்கப்பட்டதால் திடீரென வெற்றுத் திரையைக் காட்டலாம். அடைவு நலமாக இருக்க, அதைக் காட்டும் சாளரம் மட்டும் பழுதாகி இருக்கும். புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் பதிவுகளே போய்விட்டன என்று அஞ்சக்கூடும். கருவி வேறு, அடைவு வேறு என்ற தெளிவு இருந்தால் அந்த அச்சம் எழாது.

தமிழ்ப் பெயர்களும் அடைவின் கட்டங்களும்

அடைவில் ஒரு மனிதரைப் பதிவு செய்ய இரண்டு கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். ஒன்று பொதுப்பெயர், மற்றொன்று குடும்பப்பெயர். 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4519 ஆவணமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது. குடும்பப்பெயர் வழக்கம் உள்ள நாட்டவர் வகுத்த விதி இது. தமிழருக்குப் பொதுவாகத் தலைப்பெழுத்துதான் உண்டு, குடும்பப்பெயர் இல்லை. தலைமுறையை எந்த வழியில் எண்ணுவது என்பதே எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்துரிமை மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும் மருமக்கள்வழி முறை இருந்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசின் சட்டத்தால் அது மாற்றம் பெற்றது. இப்படிப்பட்ட வரலாறுடைய மண்ணில் குடும்பப்பெயர் என்ற கட்டம் பலரைத் திகைக்க வைக்கிறது.

நடைமுறையில் சிலர் அக்கட்டத்தில் தலைப்பெழுத்தை இடுகின்றனர், சிலர் தந்தை பெயரை, சிலர் தம் பெயரையே மறுபடியும், சிலர் வெறும் புள்ளியை. ஒரே நிறுவனத்தில் நால்வர் நான்கு விதமாக நிரப்பினால் பின்னால் தேடுவது கடினமாகும். இதற்கு ஒரே வழி, முதலிலேயே ஒரு விதியை வகுத்து எழுதிவைப்பதுதான். முழு அடையாளத்தைப் பெயரால் அமைக்காமல் சேர்க்கை எண்ணால் அமைப்பதும் நல்லது. பெயர் மாறினாலும் எண் மாறாது.

எழுத்துக் குறியாக்கத்திலும் கவனம் தேவை. பொன்னம்மாள் என்ற பெயரின் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு. எல்டாப் தரத்தின் ஆர்எஃப்சி 4518 ஆவணம், ஒப்பிடும் முன் இவ்வகை வேறுபாடுகளைச் சமன்செய்ய வேண்டும் என்கிறது. எனவே முறையாக இயங்கும் அடைவில் இவ்விரு வடிவங்களும் ஒன்றாகவே கொள்ளப்படும்.

ஆனால் கௌசல்யா என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகர எழுத்தையும் தட்டியிருந்தால் அதை எந்தச் சமன்பாடும் திருத்தாது. அது வேறு எழுத்து. அதுபோல ஸ்ரீ என்ற எழுத்தையும் இரு விதமாகக் குறியாக்கலாம். 2005-இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பின் இந்த வேறுபாடு தோன்றியது. இவ்விரண்டும் பார்வைக்கு ஒன்றாகத் தெரியலாம்; தேடலில் ஒன்றாகா. ஊர்ப்பெயரிலும் இச்சிக்கல் உண்டு. நாகர்கோவில் என்று சிலரும் நாகர்கோயில் என்று சிலரும் எழுதினால் அடைவு அவற்றை இரண்டு ஊர்களாகவே எண்ணும்.

காப்புநகலைத் திறந்து பார்ப்பவர் இன்னொரு அதிர்ச்சியைச் சந்திப்பார். எல்டிஃப் கோப்பில் ஆங்கிலம் நீங்கலான எழுத்துகள் பேஸ்64 என்ற வடிவுக்கு மாற்றி எழுதப்படும். தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். பதிவு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. கட்டத்தின் பெயரை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இருந்தால் உள்ளது உள்ளபடி எழுதப்பட்டது, இரண்டு முக்காற்புள்ளிகள் இருந்தால் மாற்றி எழுதப்பட்டது என்பதே அடையாளம். திரும்ப ஏற்றும்போது தமிழ் தமிழாகவே வரும்.

எல்லைப்புற மாவட்டத்துக்குப் பயன்படும் வசதி ஒன்றும் இதில் உண்டு. ஒரே பெயரைப் பல மொழிகளில் மொழிக் குறியுடன் ஒரே பதிவில் வைக்கலாம். 2004-இல் வெளியான ஆர்எஃப்சி 3866 இதற்கு வழிசெய்தது. விளவங்கோடு வட்டத்து மாணவர் ஒருவரின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே இடத்தில் காக்க இது உதவும்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்

கட்டற்ற மென்பொருளைப் பொது நிறுவனங்களில் பயன்படுத்துவதில் கன்னியாகுமரி மாவட்டம் இரு முயற்சிகளுக்கு நடுவில் அமைந்துள்ளது. மேற்கே கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளில் குனூ/லினக்ஸ் இயங்குதளத்தைப் பரப்பியது. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவும் அது மாணவர் கைகளை எட்டியது.

இவை பெரும்பாலும் மேசைக் கணினியை நோக்கிய முயற்சிகள். அடைவு போன்ற பின்புலப் பணிகள் இன்னும் பரவலாக அறியப்படவில்லை. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு, ஒரு கல்லூரியின் சொந்த அடையாளத்தைக் கொண்டே வெளியிலுள்ள ஆய்விதழ்களைப் படிக்க வழிசெய்கிறது. இத்தகைய ஏற்பாட்டுக்குக் கல்லூரியிடம் ஒழுங்கான பெயரடைவு இருப்பது அடித்தளம். படித்து வெளியேறிய மாணவரின் கணக்கு நீக்கப்படாமல் இருந்தாலோ, புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் ஏறாமல் இருந்தாலோ அது கல்லூரிக்கு வெளியேயும் சிக்கலாகும்.

பராமரிப்பவர் யார்?

ஓப்பன்எல்டாப்பை உலகில் எண்ணற்றோர் பயன்படுத்தினாலும், அதன் மையப் பணியைச் செய்வோர் எண்ணிக்கை சிறிதே. அதன் உரிமம் எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தருகிறது. திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திறந்த மூலம் என்பதால் மென்பொருளுக்கு விலை இல்லை. பராமரிப்புக்கு உழைப்பு உண்டு. அந்த உழைப்பில் ஒரு பகுதி தொலைவில் உள்ள நிரலாளர்களுடையது. மறுபகுதி, வெளியீட்டைப் படித்துத் தம் நிறுவனத்தில் முறையாக நிறுவும் உள்ளூர் நிர்வாகியுடையது. முதலாமவர் திருத்தி வெளியிட்டும் இரண்டாமவர் நிறுவாவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

நாஞ்சில் நாட்டில் கால்வாயைத் தூர்வாரும் வேலை தண்ணீர் வருவதற்கு முன் முடிய வேண்டும். பேச்சிப்பாறை அணை திறந்த பிறகு மண்வெட்டியை எடுப்பதில் பயனில்லை. பெயரடைவின் பராமரிப்பும் அப்படித்தான். பயன்படுத்தும் பதிப்பின் எண்ணைக் குறித்து வைத்தல், அதற்கு ஆதரவு எந்த ஆண்டுவரை என்று அறிதல், காப்புநகலை எடுத்தல், எடுத்த நகலை வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்தல் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்யத்தக்கவை. ஏற்றிப் பார்க்காத காப்புநகலைக் காப்பு என்று நம்ப இயலாது. இவற்றைச் செய்பவர் ஓய்வு பெறும்போதோ இடம் மாறும்போதோ அடுத்தவர் தொடரும் வகையில், செய்த முறையைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் பராமரிப்பின் பகுதியே.